கீரனைத் தேடிப் போகும் மகளுக்கு

அபுதாபிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, இரவு ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் நாவலுக்கு உட்கார்ந்துவிடுகிறேன் என்று சொன்னாய். நாவலுக்காகப் படிப்பதையெல்லாம் சின்னச் சின்ன வரலாற்றுக் கட்டுரைகளாகவும் எழுதலாமா என்று கேட்டாய். எழுது மகளே. ஆனால் கதை எழுதிப் பழகிய கை வரலாறு எழுத உட்காரும்போது அதற்குத் தனியாக ஒரு பழக்கம் வேண்டும். எனக்கு அது வர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. நான் 1983-ல் துபாய் வந்தவன். தேராவில் ஓர் அறையில் எட்டுப் பேர்; மேல் கட்டில் எனக்கு. மற்றவர்கள் தூங்கிய பிறகு முழங்காலில் நோட்டை வைத்து டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன். அன்று எழுதியவையும், அவற்றில் செய்த பிழைகளும் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. உனக்கு உதவும் என்று தோன்றுகிறவற்றை எடுத்துச் சொல்கிறேன்.

1. இறந்தவனுக்கு இல்லாததைக் கொடுக்காதே.

ஓமானின் தோஃபார் பகுதியில், சலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரி என்றொரு கழிமுகம் இருக்கிறது. அதன் கரைமேட்டில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுக நகரத்தின் கல்மதில்கள் நிற்கின்றன. லுபான் என்று நாம் கடையில் வாங்குகிறோமே, அந்தக் குந்திரிக்கப் பிசினைக் கப்பலேற்றுவதற்காக ஹத்ரமவுத் அரசு எழுப்பிய ஊர். 2006-ல் இத்தாலியத் தொல்லியல் குழு அங்கே தோண்டியபோது, குடியிருப்புப் பகுதி ஒன்றில் ஒரு பானை ஓடு கிடைத்தது. உடைந்துபோன சாடியின் தோள்பகுதியை வீணாக்காமல், ஓரம் தேய்த்து யாரோ மூடியாக்கி வைத்திருந்தார்கள். அதில் தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு பெயர்: ணந்தை கீரன். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. முன்பாதி, வயதில் மூத்தவருக்கு மரியாதையாகச் சேர்க்கும் சொல் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பின்பாதி சங்கப் புலவர்கள் பலர் பெயரில் இருக்கும் கீரன்.

இந்தச் செய்தியை 2012-ல் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பாலைக் கரையில் நமக்கு இரண்டாயிரம் வருடம் முன்னால் ஒருவன் தன் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மறுநாளே ஒரு கட்டுரை எழுதினேன். அதில், “கீரன் என்ற தமிழ்க் கப்பல் தலைவன் தோஃபார் கரையில் இறங்கினான்” என்று ஒரு வரி. கப்பல் தலைவன் என்று ஓட்டில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. எனக்கு அப்படித் தோன்றியது, எழுதிவிட்டேன். சில மாதம் கழித்து சார்ஜாவில் பிள்ளைகளுக்கான பேச்சுப் போட்டி. பத்து வயதுப் பெண் ஒருத்தி மேடையேறி, கப்பல் தலைவன் கீரனின் வீரத்தைப் பற்றிக் கணீரென்று பேசினாள். எங்கே படித்தாய் அம்மா என்று கேட்டேன். என் பெயரையே சொன்னாள். முதல் பரிசும் வாங்கினாள். அவளிடம் அன்று உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாரம் இன்றும் இருக்கிறது.

உன் நாவலில் கீரனுக்குத் தொழில் கொடு, மனைவியைக் கொடு, கடன் கொடு, கடல் காய்ச்சல் கொடு. வாசகர் அதற்குச் சம்மதித்துத்தான் நாவலைத் திறக்கிறார். கட்டுரையில் அவனிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் ஓடும் மட்டும். பெயர் அவனுடையதா, சாடியின் உரிமையாளனுடையதா, அவன் இந்தக் கரைக்கு வந்தானா, சாடி மட்டும் வந்ததா என்பதைக்கூட ஓடு சொல்லவில்லை.

2. தெரியாத இடத்தை மறைக்காமல் வாசகருக்குக் காட்டு.

இப்படிச் சொன்னால் கட்டுரை வற்றிப்போகும் என்று நீ பயப்படலாம். நானும் பயந்தேன். அதே கீரனைப் பத்து வருடம் கழித்து மறுபடி எழுதினேன். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் பயணக் கையேடு, ‘பெரிப்ளூஸ்’, அதே முதல் நூற்றாண்டுக்காரர் ஒருவர் எழுதியது. மோஸ்கா என்ற துறைமுகத்தைப் பற்றி அதில் ஒரு குறிப்பு வருகிறது. தமிழகத்து மேற்குக் கரையிலிருந்தும் குஜராத்தின் பரூகச்சத்திலிருந்தும் வரும் கப்பல்கள் காலம் தப்பிவிட்டால் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கும். துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் வாங்கிப்போகும் என்று சொல்கிறது. மோஸ்கா என்பது சும்ஹுரம்தான் என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

ஓட்டையும் இந்தக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். “காற்று தப்பிய ஒரு கூட்டத்தில் கீரன் இருந்திருக்கலாம். மாதக்கணக்கில் தங்கியவர்களுக்கு மூடியும் தேவைப்படும், பழைய சாடியை ஒட்டுப்போட்டுப் பிழைக்கவும் தோன்றும். ஆனால் இது என் எண்ணம்” என்று எழுதினேன். முதல் கட்டுரைக்கு வராத கடிதங்கள் இதற்கு வந்தன. ‘தெரிகிறது’, ‘என்று படிக்கிறார்கள்’, ‘என்று நான் நினைக்கிறேன்’ என்று மூன்று சொல் உன்னிடம் எப்போதும் இருக்கட்டும். எதை எங்கே வைப்பது என்பதில்தான் உன் நேர்மை முழுக்க இருக்கிறது.

3. கல் பேச்சை நிறுத்தும் இடத்தைக் கவனி.

நம்மில் பலருக்குச் சோழர்களைக் காட்டியது கல்கிதான். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த ‘பொன்னியின் செல்வ’னை எங்கள் வீட்டில் அப்பா பைண்டு செய்து வைத்திருந்தார். அதைப் படித்துத்தான் எனக்குப் பேனா பிடிக்க ஆசை வந்தது. பெரிய கதைக்காரர் எதை எடுத்து எதைக் கட்டினார் என்று பார்க்க அதைவிட நல்ல பாடம் இல்லை. காட்டுமன்னார்கோவில் அனந்தீசுவரர் கோயிலில், உடையார்குடிக் கல்வெட்டு என்று சொல்கிறார்களே, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அதில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயர் வருகிறது. அவர்களுடைய உறவினர்களின் நிலம் பறிக்கப்பட்டதைப் பற்றிய ஆவணம் அது. யார் ஏவினார்கள், ஏன் ஏவினார்கள் என்று அதில் இல்லை. கல் நிறுத்திய அந்த இடத்தில்தான் கல்கி நந்தினியைப் படைத்து நிறுத்தினார். வந்தியத்தேவன் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக ஒரு சொல்லளவுக்கு வருகிறார். அந்தச் சொல்லிலிருந்து ஒரு குதிரையும் ஒரு சிரிப்பும் ஐந்து பாகமும் வந்தன.

2022-லும் 2023-லும் அது சினிமாவாக வந்தபோது இங்கே அறை அறையாக ஒரே பேச்சு. நந்தினியின் வாரிசுகள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று என்னிடமே கேட்டார்கள். கேட்டவர்களைக் குறை சொல்லமாட்டேன். கதை அவ்வளவு உயிரோடு இருக்கிறது. அப்படிக் கேட்கிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் கட்டுரை ஒன்றை நீ எழுது. கதையைக் கெடுக்கிறோமோ என்று தயங்காதே. கல்வெட்டு எவ்வளவு சின்னது என்று தெரிந்த பிறகு கல்கி மேல் மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

4. எண்ணைக் கண்டால் அதைச் சொன்னவனையும் சேர்த்து எழுது.

என் சொந்த ஊர் கொற்கைக்குப் பக்கம். சின்ன வயதில் பழையகாயல் பனங்காட்டில் சீன ஓட்டுச் சில்லு பொறுக்கியிருக்கிறேன். அதனால் என் முதல் நாவல் காயலில் இறங்கிய அரபுக் குதிரைகளைப் பற்றியதாக அமைந்தது. அதை ஒட்டி எழுதிய கட்டுரையில், “பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன” என்று அடித்து எழுதினேன். துபாயில் குதிரை லாயத்தில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “அண்ணே, ஒரு குதிரை ஒரு நாளைக்கு 30 லிட்டருக்குக் குறையாமல் தண்ணி குடிக்கும். எத்தனை நாள் பயணம்?”

இப்னு பதூதா கோழிக்கோட்டிலிருந்து தோஃபாருக்கு நல்ல காற்றில் 28 நாளில் வந்ததாக எழுதியிருக்கிறார். அதையே அளவாக வைத்துக் கணக்குப் போட்டோம். ஒரு குதிரைக்கு 840 லிட்டர். ஒரு கப்பலில் 50 குதிரை என்றால் 42 டன் தண்ணீர், தீவனம் தனி. 10,000 குதிரைக்கு 200 கப்பல். வழியில் தண்ணீர் பிடித்திருப்பார்கள், சரி. ஆனாலும் அந்த எண்ணை நான் ஒரு முறைகூட நிறுத்தி விசாரிக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

பாரசீகத்தில் இருந்து எழுதிய வஸ்ஸாஃப் என்ற வரலாற்றாசிரியர்தான் 10,000 என்கிறார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். கீஷ் தீவின் ஜமாலுத்தீன் தன் சொந்தக் குதிரைகளிலிருந்தே 1,400 அனுப்ப ஒப்பந்தம். மற்றவை கதீஃப், லஹ்சா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத்திலிருந்து என்று அடுக்குகிறார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோவோ, பாண்டிய அரசர்கள் ஐந்து சகோதரர்கள் என்றும் ஒவ்வொருவரும் 2,000-க்கு மேல் வாங்கினார்கள் என்றும் சொல்கிறார். இரண்டு கணக்கும் ஒத்துப்போவது போலத் தெரியும். இருவரும் வணிகர் வாயில் கேட்டதையே எழுதியிருக்கவும் கூடும். ஆகவே “வஸ்ஸாஃப் சொல்கிறார், போலோவும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்” என்று எழுது. இரண்டு சொல் கூடும், அவ்வளவுதான். இன்னொன்றும் பார். கதீஃபும் லஹ்சாவும் இன்று தம்மாம், ஹுஃபூஃப் பக்கம். அங்கே நம் பிள்ளைகள் எண்ணெய்க் குழாய் வேலை பார்க்கிறார்கள். கீஷ் தீவில் குமரி மாவட்டத்து மீனவர்கள் கூலிக்கு வலை இழுக்கிறார்கள். அவர்கள் படித்தால், தாங்கள் நிற்கும் மண்ணுக்கும் தாமிரபரணிக்கும் எழுநூறு வருட உறவு என்று தெரியும். அவர்களுக்காக எழுது.

5. காற்றைக் கேட்காமல் கப்பலை விடாதே.

அதே நாவலில் என் குதிரைக் கப்பல் கல்ஹாத்திலிருந்து ஆடி மாதம் புறப்பட்டது. கதைக்கு மழை வேண்டியிருந்தது. இழுவைப் படகில் வேலை செய்த கடலோடி ஒருவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, “இந்தக் கப்பல் கரை சேராதே” என்றார். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும். மலையாளக் கரைத் துறைமுகங்கள் அடைபட்டுக் கிடக்கும். அரபுக் கரையிலிருந்து கிளம்புகிறவர் அது முற்றும் முன்னே போய்ச் சேர வேண்டும், அல்லது ஆகஸ்ட் கடைசியில் காற்று தணியத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். திரும்பி வரவோ வாடைக்காற்று மாதங்கள். கீரனின் கூட்டம் காலம் தப்பித் தங்கியிருக்கலாம் என்றேனே, அதற்குக் காரணமும் இதே காற்றுதான்.

கப்பலைப் பற்றியும் ஒன்று. ஆணி அடிக்கும் ஓசையை நான் ஒரு பக்கம் வருணித்திருந்தேன். இந்தக் கடலின் பழைய மரக்கலங்களைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். ஓமானியர்கள் 9-ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றின் மாதிரியில் ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ என்று ஒன்றைக் கயிற்றால் தைத்தே கட்டி, 2010-ல் கொச்சி, காலி வழியாகச் சிங்கப்பூருக்கு ஓட்டிச் சென்றார்கள். படத்தில் அந்தத் தையலைப் பார்த்தபோது என் ஆணிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். புத்தகம்தான் ஏற்கெனவே வந்துவிட்டது.

6. அடுப்பங்கரையில் கவனமாக இரு. பெரிய போர்களில் யாரும் உன்னைப் பிடிக்கமாட்டார்கள், அம்மியில்தான் பிடிப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் காயலில் என் கதாநாயகி மிளகாய் அரைத்தாள். ஊரிலிருந்து என் மனைவி எழுதிய கடிதத்தில் வீட்டுச் செய்தியெல்லாம் முடிந்து கடைசியில் ஒரு வரி: “பாண்டியன் காலத்தில் மிளகாய் ஏது, மிளகுதானே?” மிளகாயும் நிலக்கடலையும் முந்திரியும் கொய்யாவும் போர்த்துகீசியர் கப்பல்களுக்குப் பிறகு வந்தவை. அவர்களோடு சொற்களும் வந்தன. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசியச் சொற்கள். சோழ இளவரசி சாளரத்தின் வழியாகத்தான் பார்க்க முடியும். என் மனைவி எட்டாம் வகுப்புப் படித்தவள். அன்றிலிருந்து நான் எழுதியதை முதலில் படித்தவள் அவள்தான். உனக்கும் அப்படி ஒருவர் வேண்டும். உன்னைப் புகழ்கிறவராக இல்லாமல் உன் அம்மியைப் பார்க்கிறவராகத் தேடிக்கொள்.

7. தவறு தெரிந்த அன்றே திருத்து, எல்லாரும் பார்க்கத் திருத்து.

ராஸ் அல் கைமாவுக்குப் போனால் பழைய ஜுல்ஃபார் துறைமுகத்தின் பெயரைச் சொல்வார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பெரிய மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் பிறந்த ஊர். காற்றையும் விண்மீன்களையும் கரைகளையும் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. 1998-ல், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து 500 வருடம் ஆனபோது, ஒரு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். “மாலிந்தியிலிருந்து காமாவுக்கு வழிகாட்டியவர் ஜுல்ஃபாரின் இப்னு மாஜித்” என்று எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ புத்தகங்களில் இருந்தது, நானும் எழுதினேன்.

கட்டுரை வந்த சில வாரங்களில், அரபி படித்த காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. அந்தக் கதையின் மூலம் பதினாறாம் நூற்றாண்டில் மக்காவில் இருந்த ஒரு வரலாற்றாசிரியரின் வரி என்றும், போர்த்துகீசியர் பக்கத்துக் குறிப்புகள் வழிகாட்டியை ஒரு குஜராத்தி என்கின்றன என்றும் எடுத்துக் காட்டினார். இந்தப் பழியிலிருந்து இப்னு மாஜிதை விடுவிக்கச் சார்ஜாவின் ஆட்சியாளர் ஷேக் சுல்தான் அல் காசிமியே பின்னால் ஒரு நூல் எழுதியிருக்கிறார். பழி என்ற சொல்லைக் கவனி மகளே. நான் பெருமை என்று நினைத்து எழுதியது, இந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்ற பழியாக இருந்திருக்கிறது. நாம் சோறு உண்ணும் மண்ணின் மனிதர் ஒருவர்மேல் தெரியாமல் அதைச் சுமத்திவிட்டேன்.

திருத்தம் எழுத எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. வெட்கம்தான் காரணம். அந்த ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு பேர் என் வரியை எடுத்துப் போட்டுவிட்டார்கள். பிழையைச் சத்தமில்லாமல் அழிக்காதே. முன்பு இப்படி எழுதினேன், தவறு, இன்னார் சொல்லித் தெரிந்தது என்று மேலேயே எழுது.

8. பெருமைக்காக வரலாற்றை நீட்டாதே, பகைக்காகக் குறைக்காதே.

ராஜேந்திரன் அரேபியாவையும் வென்றான் என்று வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது உனக்கு அனுப்புவார்கள். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் படி. 1025-ஆம் ஆண்டையொட்டி நடந்த கடாரப் படையெடுப்பில் வென்ற ஊர்கள் ஒவ்வொன்றாக அதில் இருக்கின்றன. அரபுக் கரை ஊர் ஒன்றுகூட இல்லை. தன் வெற்றியைத் தானே பாடவைத்த அரசன் சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும்? இந்தக் கரையில் நம்மவர் பெயர் ஒரு மூடியில் கிடைத்ததே, வாளில் கிடைத்ததைவிட எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1311-ல் மாலிக் காஃபூர் மதுரை வரை வந்து கொள்ளையடித்ததைப் பற்றி நீ எழுதத்தான் போகிறாய். மழுப்பாமல் எழுது. முழுதாகவும் எழுது. அப்போது சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். வீர பாண்டியன் பக்கம் இசுலாமியப் படைவீரர் இருந்ததை, டில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ருவே எழுதி வைத்திருக்கிறார். பாண்டியனிடம் தகியுத்தீன் என்ற அரபு வணிகர் அமைச்சராக இருந்ததை வஸ்ஸாஃப் சொல்கிறார். கொல்லத்தில் 849-ல் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேட்டில் சாட்சிகள் கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இவற்றை விட்டுவிட்டுக் கொள்ளையை மட்டும் எழுதினால் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும், கட்டுரை பொய்யாக இருக்கும். தேராவில் என் கீழ்க் கட்டிலில் படுத்தவர் கீழக்கரைக்காரர். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பதினெட்டு நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர். எந்த வரியை எழுதினாலும் அவர் அதைப் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். எனக்கு அது போதுமான காவலாக இருந்திருக்கிறது.

9. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் வரலாற்றையும் கேட்டு எழுதி வை.

கல்லும் செப்பேடும் இன்னும் நூறு வருடம் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்கமாட்டார்கள். பர்துபாய் துணிக்கடை ஒன்றில் வயதான கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். நம் ரூபாய் இங்கே கடைவீதிப் பணமாக ஓடிய நாள் அவருக்கு நினைவிருந்தது. 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் நோட்டு அடித்தது. 1966-ல் இந்தியாவில் ரூபாய் மதிப்பைக் குறைத்ததும் இங்கே அதை விட்டுவிட்டார்கள். திர்ஹாம் 1973-ல் வந்தது. புத்தகத்தில் இவ்வளவுதான் கிடைக்கும். கைவசம் இருந்த நோட்டைச் சுமந்துகொண்டு மாற்றுவதற்கு வரிசையில் நின்ற பகலை அவரிடம்தான் கேட்க முடிந்தது.

‘தாரா’ என்ற கப்பல் துபாய்க்கு அப்பால் வெடித்து எரிந்த செய்தியையும் அவர் சொன்னார். கரையில் ஒதுங்கியவர்களுக்குக் கடைக்காரர்கள் துணி எடுத்துக் கொடுத்ததைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. 1963 என்று சொன்னார். நான் பார்த்தபோது 1961 ஏப்ரல் 8. இறந்தவர்கள் 238 பேர். நினைவு ஆண்டைத் தவறவிடும், துணியைத் தவறவிடாது. ஆண்டை ஆவணத்தில் எடு, துணியை அவரிடம் எடு, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடு. கேட்ட தேதியையும் குறித்து வை. அவரிடம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்கு விடுமுறையில் போனேன். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

10. எங்கள் காலத்தில் விடுமுறை முடிந்து வரும்போது பெட்டி எடைதான் நூலகம். 30 கிலோவில் அம்மா முறுக்கும் ஊறுகாயும் வைப்பார். நான் அதை எடுத்துவிட்டுச் சதாசிவ பண்டாரத்தாரையும் நீலகண்ட சாஸ்திரியையும் கல்வெட்டுத் தொகுதிகளையும் வைப்பேன். இப்போது பாதிக்கு மேல் உன் கைபேசியிலேயே கிடைக்கிறது. கத்தார் தேசிய நூலகமும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து 2014-ல் திறந்த மின்நூலகத்தில், வளைகுடாவைப் பற்றிய இந்தியா ஆபீஸ் கோப்புகளைக் காசில்லாமல் படிக்கலாம். லாரிமரின் பெரிய வளைகுடாக் களஞ்சியமும் அதில் இருக்கிறது. எளிதாகக் கிடைப்பதால் பாதி படித்ததும் எழுதத் தோன்றும். ஒரு கட்டுரைக்கு மூன்று முறையாவது மூலத்துக்குத் திரும்பிப் போ. மாதம் ஒன்று எழுதினால் போதும்.

11. எழுதும் முன் போய் நின்று பார்.

அடுத்த நீண்ட விடுமுறையில் யாராவது குடும்பத்தோடு சலாலாவுக்குக் காரில் கிளம்பினால் நீயும் ஒட்டிக்கொள். துபாயிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பாலை முடிந்து மலை வரும், மலை இறங்கினால் கடல். மழைக்காலக் கூட்டம் ஓய்ந்த பிறகு போனால் நல்லது. சும்ஹுரத்தின் மதிலில் ஏறி நின்றால் கழிமுகத்தின் வாயில் இரண்டு பக்கமும் இரண்டு குன்று தெரியும். நடுவே மணல் மேடிட்டுக் கடலை அடைத்துவிட்டது. இன்று எந்தக் கப்பலும் உள்ளே வர முடியாது. ஒட்டகங்கள் தண்ணீரில் இறங்கி நிற்கும். நான் போனபோது கையில் நோட்டு இருந்தும் ஒரு வரி எழுதவில்லை. வீட்டுச் சுவர்களின் அடித்தளம் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அறைகள் சின்னவை, எங்கள் தேரா அறையைவிடச் சின்னவை. அடுப்புக் கற்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு மூடியைக் கீரன் எந்தக் கையால் எடுத்து எந்தப் பக்கம் வைத்திருப்பான் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய்விட்டு வந்து, உனக்கு அங்கே என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று எனக்கு எழுது. அந்தப் பேச்சுப் போட்டிப் பெண்ணுக்கு இப்போது உன் வயது இருக்கும். அவள் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் உன் கட்டுரையைத்தான் முதலில் அவளிடம் கொடுக்கப்போகிறேன்.